டாவின்சி ரிசால்வ் 20: புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு வேலை பாதியில் நிற்கும்போது அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள்.

வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 20-இல் எனக்குப் பிடித்த வசதிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லித் தரத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சில வருடங்களுக்கு முன்பு ஒரு வளைகாப்பு வீடியோவை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டியிருந்த நிலையில், முந்தின நாள் சாயங்காலம் புது வெர்ஷனை இன்ஸ்டால் செய்தேன். திறந்து பார்த்தால் டைட்டில் இருந்த இடமெல்லாம் காலி. வெளியில் வாங்கிப் போட்டிருந்த ஒரு டைட்டில் ப்ளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) புது வெர்ஷனில் வேலை செய்யவில்லை. சரி, பழையதற்கே போய்விடலாம் என்று அதைத் திரும்பப் போட்டேன். புதியதில் ஒருமுறை திறந்துவிட்ட ப்ராஜெக்டைப் பழையது திறக்க மறுத்துவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து 14 டைட்டில்களையும் கையால் மறுபடி செய்தேன். வீடியோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய சம்பந்தி வீட்டார் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் புதிய வசதிகளுக்கு முன்னால் பத்திரப்படுத்தும் வேலையைச் சொல்கிறேன். தாண்டிப் போகாமல் படியுங்கள்.

எதை இன்ஸ்டால் செய்கிறோம்?

ரிசால்வ் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் மென்பொருள். ஆனால் இது ஓர் இடத்தில் பிறந்து வளர்ந்த மென்பொருள் அல்ல. சினிமாவுக்குக் கலர் கரெக்‌ஷன் கருவிகள் செய்துவந்த அமெரிக்காவின் டாவின்சி நிறுவனத்தை பிளாக்மேஜிக் 2009-இல் வாங்கியது. விஎஃப்எக்ஸ் (காட்சி மாயங்கள்) வேலைக்கான ஃப்யூஷனை ஐயான் நிறுவனத்திடமிருந்து 2014-இல் வாங்கி, 2018-இல் வந்த 15-ஆம் வெர்ஷனில் ரிசால்வுக்குள்ளேயே ஒரு பக்கமாக, அதாவது தனி வேலைத் திரையாகச் சேர்த்தது. ஒலிக்கான ஃபேர்லைட் அதற்கு முந்தைய வருடமே உள்ளே வந்துவிட்டது. எடிட் பக்கத்திலிருந்து ஃப்யூஷன் பக்கத்துக்குப் போனதும் வேற்றூருக்கு வந்த மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு பக்கம் லேயர்களை அடுக்கி வேலை செய்யும். இன்னொரு பக்கம் நோட்களை, அதாவது ஒவ்வொரு வேலைக்குமான சின்னச் சின்னக் கட்டங்களை, கயிறு போல இணைத்து வேலை செய்யும். புதிதாக வருபவர்கள் குழம்புவது தங்களுக்கு மூளை போதவில்லை என்பதால் அல்ல. இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு பரம்பரை.

20-ஆம் வெர்ஷனின் பீட்டா 2025 ஏப்ரலில் வந்தது. முழுமையான வெளியீடு மே மாதக் கடைசியில். நூற்றுக்கும் மேற்பட்ட புதிய வசதிகள் என்று நிறுவனம் பட்டியல் போட்டிருக்கிறது. அத்தனையையும் நீங்கள் கற்க வேண்டியதில்லை. முதல் மாதத்தில் மூன்று போதும்: ஆளையோ பொருளையோ பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க்கின் இரண்டாம் பதிப்பு, எடிட் பக்கத்திலேயே வந்திருக்கும் கீஃப்ரேம் எடிட்டர் (எந்த நேரத்தில் எந்த அளவு, எந்த இடம் என்று குறிக்கும் புள்ளிகளைத் திருத்தும் இடம்), ஃப்யூஷனில் பல லேயர் படங்களைக் கையாளும் புது முறை.

பத்திரப்படுத்துதல்

பழைய வெர்ஷனிலேயே ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறங்கள். திரையின் வலது கீழ் மூலையில் வீடு போல இருக்கும் ஐகான். உங்கள் ப்ராஜெக்ட் மேல் ரைட் க்ளிக் செய்தால் ‘எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்’ என்று வரும். அதைக் கொடுத்தால் டிஆர்பி என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். எங்கே வெட்டினீர்கள், என்ன கலர் கொடுத்தீர்கள், எந்த டைட்டில் எங்கே என்ற விவரம் முழுக்க அதில் இருக்கும். வீடியோ கோப்புகள் அதற்குள் இருக்காது. வீடியோவும் சேர்ந்து ஒரே மூட்டையாக வேண்டும் என்றால் அதே இடத்தில் ‘எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஹார்ட் டிஸ்க்கில் நிறைய இடம் கேட்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே திரையின் இடது பக்கத்தில் ப்ராஜெக்ட் லைப்ரரிகளின் (ப்ராஜெக்ட்கள் சேமிக்கப்படும் இடங்களின்) பட்டியல் இருக்கும். உங்கள் லைப்ரரியின் விவரத்தைத் திறந்தால் ‘பேக்கப்’ என்ற பட்டன் தெரியும். அதையும் எடுத்து, வேறொரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். ஒரே டிஸ்க்கில் அசலும் நகலும் இருந்தால் அது பேக்கப் ஆகாது.

இப்போது பிளாக்மேஜிக்கின் சொந்த சப்போர்ட் பக்கத்துக்குப் போய் 20-ஐ இறக்குங்கள். அங்கே இரண்டு இருக்கும்: வெறும் டாவின்சி ரிசால்வ், டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ. இலவசப் பதிப்பு வேண்டுமென்றால் முதலாவது. அந்தப் பக்கத்திலேயே பழைய வெர்ஷன்களும் கிடைக்கும். இப்போது நீங்கள் வைத்திருக்கும் வெர்ஷனின் இன்ஸ்டாலரையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் ஆனதும் பழைய ப்ராஜெக்டை நேராகத் திறக்காதீர்கள். ப்ராஜெக்ட் மேனேஜரில் ‘20 சோதனை’ என்று புதிதாக ஒரு லோக்கல் லைப்ரரி உண்டாக்கி, எக்ஸ்போர்ட் செய்த டிஆர்பி கோப்பை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். இப்போது புது வெர்ஷன் தொடுவது நகலை மட்டும். அசல் பழைய லைப்ரரியில் தொடப்படாமல் இருக்கும். என்ன ஆனாலும் பழைய இன்ஸ்டாலரைப் போட்டுத் திரும்பி வந்துவிடலாம். அன்றைக்கு வளைகாப்பு வீடியோவுக்கு நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு காரியத்தைத்தான்.

நகலைத் திறந்ததும் டைட்டில்களைப் பாருங்கள், வெளி ப்ளகின்கள் போட்ட இடங்களைப் பாருங்கள், ஃப்யூஷனில் செய்த க்ளிப்களை ஓட்டிப் பாருங்கள். பிறகு எல்லாம் கலந்து வரும் முப்பது வினாடியை ரெண்டர் செய்து (முடிந்த வீடியோ கோப்பாக எடுத்து), பழைய வெர்ஷனில் எடுத்த வீடியோவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வியூவர் (படம் தெரியும் கட்டம்) கறுப்பாகவே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை. என்விடியா கார்டு என்றால் விளையாட்டுக்கான டிரைவரை விட்டுவிட்டு ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண எடிட்டுக்கு 16 ஜிபி ரேம் போதும். ஃப்யூஷனில் வேலை செய்ய 32 ஜிபி வேண்டும். கிராஃபிக்ஸ் மெமரி 4 ஜிபிக்குக் கீழே இருந்தால் நான் சொல்லப்போகும் மாஸ்க் வேலை உங்களைப் பாடாய்ப்படுத்தும்.

இலவசமா, ஸ்டுடியோவா?

இலவசப் பதிப்பில் 3840 × 2160 அளவில், வினாடிக்கு 60 ஃப்ரேம் வரை எந்த வாட்டர்மார்க்கும் இல்லாமல் ரெண்டர் எடுக்கலாம். கல்யாண வீடியோ, குறும்படம், யூடியூப் எல்லாவற்றுக்கும் இது தாராளம். எனவே க்ராக் செய்த ஸ்டுடியோவைத் தேடி அலைய எந்த அவசியமும் இல்லை. மேஜிக் மாஸ்க், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஏஐ என்று பெயர் போட்டு வந்திருக்கும் பெரும்பாலான வசதிகள் ஸ்டுடியோவுக்குச் சொந்தம். ஸ்டுடியோவின் விலை 295 டாலர். மாதச் சந்தா கிடையாது, ஒரே தடவை கட்டினால் போதும். இரண்டு கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொள்ளலாம். உங்களிடமோ நண்பரிடமோ பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா இருந்தால் பெட்டிக்குள் ஒரு ஸ்டுடியோ உரிமம் வந்திருக்கும். தேடிப் பாருங்கள், பலர் அதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வருபவர் முதல் நாளே பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மாஸ்க்கை ஒருமுறையாவது கையால் வரைந்து பார்த்தவருக்குத்தான் மேஜிக் மாஸ்க்கின் அருமை தெரியும். அது எங்கே தப்பு செய்கிறது என்றும் தெரியும்.

ஒரே ஒரு ஷாட்

இனி வேலைக்கு வருவோம். வசதி வசதியாகப் படிப்பதைவிட ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு அதில் முதல் இரண்டையும் பழகுவதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. என் ஷாட் இது: கல்யாண மண்டபத்தின் நடைபாதையில் மணப்பெண் நம்மை நோக்கி நடந்து வருகிறார். ஆறு வினாடி. பின்னால் சீரியல் லைட் தோரணம். அவருடைய பெயர் பெரிய எழுத்தில் அவருக்குப் பின்னால், தோரணத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். நடக்கும்போது அவர் தலையும் தோளும் எழுத்தை மறைத்து மறைத்து விலக வேண்டும்.

இதற்கு மணப்பெண்ணைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஆறு வினாடிக்கு 150 ஃப்ரேம். கையால் வரைந்தால் ஒரு நாள் போய்விடும்.

எடிட் பக்கத்தில் முதல் வீடியோ ட்ராக்கில் அந்த க்ளிப்பை வையுங்கள். இரண்டாவது ட்ராக்கில் டெக்ஸ்ட் ப்ளஸ் டைட்டில். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே முதல் ட்ராக் க்ளிப்பை மேலே இழுத்து, மூன்றாவது ட்ராக்கில் அதே நேரத்தில் ஒரு நகல் வையுங்கள். இப்போது எழுத்து இரண்டு நகல்களுக்கு நடுவில் சிக்கி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேலே இருக்கும் நகலில் மணப்பெண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கினால் எழுத்து வெளியே வந்துவிடும்.

மேல் நகலைத் தேர்ந்தெடுத்துக் கலர் பக்கத்துக்குப் போங்கள். ஆல்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் புதிதாக ஒரு நோட் வரும். அந்த நோடில் மேஜிக் மாஸ்க்கைத் திறங்கள். முந்தைய வெர்ஷன்களில் ஆளுக்கு ஒரு முறை, பொருளுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக இருந்தது. கோடு கிழித்துக் காட்ட வேண்டும். 20-இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆள் மேல் ஒரு க்ளிக் செய்தால் போதும், மாஸ்க் விழுந்துவிடும். எது தேர்வாகியிருக்கிறது என்று நிறத்தில் காட்டும் ஓவர்லேயை ஆன் செய்துகொள்ளுங்கள்.

க்ளிக் செய்யும் ஃப்ரேமை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பழக்கதோஷத்தில் எல்லோரும் முதல் ஃப்ரேமிலேயே தொடங்குவார்கள். அப்போது மணப்பெண் தூரத்தில், சின்னதாக, பாதி இருட்டில் இருப்பார். நான் தொடங்கியது நான்காவது வினாடியில். முழு உருவமும் தெளிவாக, கைகள் உடம்பிலிருந்து விலகி இருந்த ஃப்ரேம் அது. அங்கே க்ளிக் செய்து, முன்னாலும் பின்னாலும் ட்ராக் செய்தேன், அதாவது மற்ற ஃப்ரேம்களிலும் மாஸ்க் அவரைத் தொடரும்படி ஓடவிட்டேன்.

முதல் க்ளிக்கில் முகம், பட்டுச்சேலை, கைகள் எல்லாம் அழகாக வந்துவிட்டன. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு தப்பு. தோளைத் தாண்டி முன்னால் விழுந்திருந்த சடையை மாஸ்க் எடுத்துக்கொண்டது. ஆனால் சடையின் நுனியில் தொங்கிய மல்லிகைச் சரத்தின் கடைசி விரல் நீளத்தை விட்டுவிட்டது. வெள்ளைப் பூவும் பின்னால் இருந்த வெள்ளை விளக்கும் அதற்கு ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பூவின் மேல் இன்னொரு க்ளிக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது, பூச்செண்டு பிடித்திருந்த கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி. அதன் வழியாகப் பின்னணி தெரிய வேண்டும். மாஸ்க் அதையும் சேலை என்று அடைத்துவிட்டது. கழித்தல் குறியுள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்து அந்த இடைவெளியில் ஒரு க்ளிக் வைத்ததும் திறந்துகொண்டது. பார்ப்பவர் கண்ணுக்கு வேலை பொய்யாகத் தெரிவது பெரும்பாலும் இந்த மாதிரி இடைவெளிகளில்தான். முகத்தின் ஓரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கைக்கு அடியில் பாருங்கள், காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவே பாருங்கள்.

நடுவில் வீடியோ லைட் பிடித்த தம்பி ஒருவர் குறுக்கே போனார். பழைய மேஜிக் மாஸ்க் அந்த இடத்தில் தம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விடும். இந்தத் தடவை அவர் போனதும் மணப்பெண்ணையே திரும்பப் பிடித்தது. ஆனால் அவர் கடந்த ஐந்தாறு ஃப்ரேம்களில் ஓரம் குலைந்திருந்தது. குலையத் தொடங்கும் ஃப்ரேமில் நின்று, க்ளிக்கால் திருத்தி, அங்கிருந்து மறுபடி ட்ராக் செய்யுங்கள். முழுவதையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

மாஸ்க் தயாரானதும் நோட்கள் இருக்கும் பகுதியில் காலியான இடத்தில் ரைட் க்ளிக் செய்து ‘ஆட் ஆல்ஃபா அவுட்புட்’ கொடுங்கள் (ஆல்ஃபா என்பது படத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்ற விவரம்). வலது ஓரத்தில் நீலப் புள்ளி ஒன்று தோன்றும். உங்கள் நோடின் நீல முனையிலிருந்து இழுத்து அந்தப் புள்ளியில் இணையுங்கள். அவ்வளவுதான், எடிட் பக்கத்துக்குத் திரும்பினால் பெயர் அவருக்குப் பின்னால் நிற்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் பத்து முறை ஓட்டிப் பார்த்திருப்பேன்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. கீழ் க்ளிப்புக்கு ஒரு கலரும் மேல் நகலுக்கு வேறு கலரும் போய்விட்டால் மணப்பெண்ணைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். கலர் வேலையை இரண்டிலும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். முதலில் கலரை முடித்துவிட்டு, பிறகு நகல் எடுங்கள்; அல்லது எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் க்ளிப் (கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் வெற்று க்ளிப்) வைத்து அதில் கலர் கொடுங்கள். நான் இரண்டாவது வழிதான் செய்கிறேன். வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் ‘இன்னும் கொஞ்சம் பிரைட்டா’ என்று கேட்டால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

இலவசப் பதிப்பில் இதே ஷாட்

ஃப்யூஷன் பக்கத்தில் பாலிகன் (புள்ளி புள்ளியாக வைத்து வரையும் வடிவம்) வரைந்து செய்யலாம். 19-ஆம் வெர்ஷனில் வந்த மல்ட்டிபாலி இதற்கு நல்ல துணை. பல வடிவங்களை ஒரே நோடுக்குள் வைத்துப் பெயரிட்டு அடுக்கலாம். முழு ஆளையும் ஒரே கோட்டால் சுற்றாதீர்கள். தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, ஒவ்வொரு கைக்கும் மேற்பகுதி கீழ்ப்பகுதி என்று தனித்தனி. ஒரு வடிவத்தில் புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அசைவு திசை மாறும் ஃப்ரேம்களில் மட்டும் முதலில் கீஃப்ரேம் வையுங்கள்: கை முழுக்க முன்னால் வந்த இடம், முழுக்கப் பின்னால் போன இடம். பிறகு அவற்றின் நடுவில் போய்ப் பார்த்து, விலகியிருந்தால் மட்டும் திருத்துங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்ந்து வரைந்தால் ஓரம் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

எழுத்தை அசைப்பது

20-இல் எடிட் பக்கத்திலும் கட் பக்கத்திலும் தனியான கீஃப்ரேம் எடிட்டர் வந்திருக்கிறது. எனக்குக் கேட்டால் இந்த வெர்ஷனின் உண்மையான பரிசு இதுதான். ஏஐ என்ற பெயர் இல்லாததால் பலர் கவனிக்காமல் போகிறார்கள். இதற்கு முன்பு டைம்லைனில் க்ளிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி இடத்தில்தான் கீஃப்ரேம்களைப் பிடித்து இழுக்க வேண்டும். கொஞ்சம் நுணுக்கமாக வேண்டும் என்றால் ஃப்யூஷனுக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தனி இடம், விரிவான பார்வை, கர்வ் பார்வையும் உண்டு.

பெயர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் (தேர்ந்தெடுத்த க்ளிப்பின் அமைப்புகள் தெரியும் பகுதி) சைஸுக்கு எதிரே உள்ள வைர வடிவத்தை அழுத்தி முதல் கீஃப்ரேம் வையுங்கள். மூன்று வினாடி தள்ளிப் போய் சைஸைச் சிறிதளவு கூட்டினால் இரண்டாவது கீஃப்ரேம் தானாக விழும். நூற்றுக்கு நான்கைந்து பங்கு கூட்டினால் போதும். கீஃப்ரேம் எடிட்டரில் கர்வைத் திறந்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே நேர்கோடு இருக்கும். நேர்கோடு என்றால் எழுத்து சட்டென்று நகரத் தொடங்கி சட்டென்று நிற்கும். இரண்டு புள்ளிகளையும் ஈஸ் செய்து கோட்டை வளையுங்கள். ஊஞ்சல் கிளம்புகிற மாதிரி மெதுவாகத் தொடங்கி, மெதுவாக அடங்கும்.

கேமராவும் நகரும் ஷாட் என்றால் எழுத்து கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரியும். அதற்கு ஃப்யூஷனில் ட்ராக்கர் நோட் போட்டு, பின்னணியில் நல்ல மாறுபாடுள்ள ஒரு புள்ளியை, ஒரு தூணின் மூலையை, ட்ராக் செய்யுங்கள். பிறகு எழுத்தைச் சேர்க்கும் மெர்ஜ் நோடின் சென்டரில் ரைட் க்ளிக் செய்து ட்ராக்கரின் ஆஃப்செட் பொசிஷனோடு இணையுங்கள். சீரியல் லைட்டை ட்ராக் செய்யாதீர்கள். அது மினுக்கும்போதெல்லாம் ட்ராக்கர் தடம் மாறிவிடும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு சோதனை

அப்டேட்டுக்குப் பிறகு டைட்டிலில் நான் முதலில் தட்டுவது ஒரு வரி: கெ, கே, கை, கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, கொவில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் பிரிந்து சரியாக உட்கார்கிறதா, ஸ்ரீ உடைந்து ஸ்-உம் ரீ-யும் தனித்தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். இதை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபான்ட்டிலும், டெக்ஸ்ட் ப்ளஸ், சாதாரண டெக்ஸ்ட், சப்டைட்டில் மூன்றிலும் செய்யுங்கள். ஒன்றில் சரியாக வந்து இன்னொன்றில் உடையலாம்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் இந்தத் தொல்லை வராது, ஏனென்றால் அங்கே ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது, கோர்த்து அமைக்கும் வேலையே மென்பொருளுக்கு இல்லை. அதனால்தான் நம் ஊர் ஸ்டுடியோக்களில் அவை இன்னும் ஓடுகின்றன. ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைத் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் யூனிகோடிலேயே பழகுங்கள். இன்னொன்று: எழுத்து எழுத்தாகத் தோன்றும் டைட்டில் டெம்ப்ளேட்களைத் தமிழுக்குப் போடும்போது கவனம். ‘கோ’வில் கொம்பு ஒரு நேரம், க ஒரு நேரம், கால் ஒரு நேரம் என்று தனித்தனியாகக் குதிக்கலாம். சொல் சொல்லாகத் தோன்றும்படி மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஃப்யூஷனில் லேயர்களும் ஆழமும்

விஎஃப்எக்ஸ் பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு 20-இல் வந்த பெரிய மாற்றம் இங்கேதான். ஃபோட்டோஷாப் கோப்பையோ, த்ரீடி மென்பொருளிலிருந்து வரும் பல லேயர் இஎக்ஸ்ஆர் கோப்பையோ கொண்டுவந்தால், எல்லா லேயர்களும் நோட்களின் ஊடாகக் கூடவே வருகின்றன. தேவைப்படும் நோடில் தேவைப்படும் லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். த்ரீடி மென்பொருளான பிளெண்டரில் ஒரு குத்துவிளக்கு செய்கிறீர்கள் என்று வையுங்கள். ரெண்டர் எடுக்கும்போது பித்தளையின் நிறம், பளபளப்பு, நிழல் என்று தனித்தனி பாஸ்களை ஒரே இஎக்ஸ்ஆருக்குள் எழுதச் சொல்லலாம். ஃப்யூஷனில் பளபளப்பை மட்டும் பிடித்துக் குறைத்தால், மறுபடி ரெண்டருக்குப் போகாமலே மெருகு போட்ட விளக்கைப் புழக்கத்தில் இருக்கும் பழைய விளக்கு ஆக்கிவிடலாம்.

இன்னொன்று டீப் காம்போசிட்டிங், அதாவது படங்களை ஆழ விவரத்தோடு சேர்ப்பது. சாதாரணப் படத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான். டீப் படத்தில் ஒரே பிக்சலுக்குள் பல மாதிரிகள் இருக்கும், ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்ற விவரத்தோடு. கோயில் மண்டபத்தில் வரிசையாகத் தூண்கள், நடுவே சாம்பிராணிப் புகை. முதல் தூணுக்குப் பின்னால், இரண்டாம் தூணுக்கு முன்னால் புகை போக வேண்டும். சாதாரண முறையில் ஒவ்வொரு தூணுக்கும் தனி மாஸ்க் தேவை; தூணையோ கேமராவையோ நகர்த்தினால் அத்தனையும் வீண். டீப்பில் புகையும் தூணும் தங்கள் தூரத்தைத் தாங்களே சுமந்து வருவதால், சேர்க்கும்போது எது முன், எது பின் என்பது தானாகவே சரியாகிவிடும். இதன் விலை, கோப்பின் அளவு. டீப் கோப்புகள் டிஸ்க்கை விழுங்கும். ஐந்து ஃப்ரேமில் முதலில் சோதித்துப் பாருங்கள். த்ரீடி செய்யாதவர்களுக்கு இப்போதைக்கு இது தேவைப்படாது.

மற்றவை

வாய்ஸ்ஓவர் பதிவு எடிட் பக்கத்திலேயே வந்துவிட்டது. மைக்கைச் செருகி, படத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். ஏஐ மல்ட்டிகேம் ஸ்மார்ட்ஸ்விட்ச் யார் பேசுகிறாரோ அவர் கேமராவுக்கு மாற்றிக் கொடுக்கிறது. இரண்டு மூன்று கேமராவில் எடுத்த பேட்டிக்கு முதல் வெட்டாக வைத்துக்கொண்டு பிறகு நீங்கள் திருத்தலாம். இன்டெலிஸ்க்ரிப்ட் என்பது எழுதிய ஸ்க்ரிப்டையும் பேச்சையும் ஒப்பிட்டு டைம்லைன் கட்டித் தரும் வசதி. தமிழ்ப் பேச்சுக்கு நான் இதை நம்பி இறங்கவில்லை. காது கொடுத்துக் கேட்டு வெட்டுவதையே செய்கிறேன். கலர் பக்கத்தில் வந்திருக்கும் க்ரோமா வார்ப், படத்தில் ஒரு நிறத்தின் மேல் வைத்து இழுத்தே அதை மாற்றித் தருகிறது. குங்குமச் சிவப்பு எல்ஈடி வெளிச்சத்தில் ரோஸ் நிறமாகப் போய்விட்ட படங்களுக்கு நான் இதைத்தான் எடுக்கிறேன்.

வேலை திணறினால் ப்ளேபேக் மெனுவில் டைம்லைன் ஓடும் ரெசல்யூஷனைப் பாதியாக்குங்கள். ரெண்டர் கேஷை (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் தற்காலிகக் கோப்புகள்) ‘ஸ்மார்ட்’டில் வையுங்கள். மாஸ்க் போட்ட க்ளிப் டைம்லைனில் நீலக் கோடு காட்டும்வரை பொறுத்திருந்து, பிறகு ஓட்டிப் பாருங்கள்.

ரெண்டர் எடுத்த வீடியோவை மானிட்டரில் பார்த்ததோடு விடாதீர்கள். ஃபோனுக்கு அனுப்பி, பிரைட்னஸை முழுசாக ஏற்றிப் பாருங்கள்; குடும்பத்தார் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள். கூந்தல் ஓரத்தில் மாஸ்க்கின் வெளிறிய கோடு இருந்தால் அங்கே பளிச்சென்று தெரியும். தெரிந்தால் மாஸ்க்கின் பிளர் ரேடியஸைக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதிலும் போகவில்லை என்றால் எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கூந்தலின் மேல் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி இரண்டு சின்ன வேலைகளைச் சோதனை லைப்ரரியில் ஆரம்பம் முதல் டெலிவரி வரை முடித்த பிறகு, நடப்பு ப்ராஜெக்ட்களை ஒவ்வொன்றாக 20-க்குக் கொண்டுவாருங்கள். பாதியில் இருப்பவை பழைய வெர்ஷனிலேயே முடியட்டும். ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றால், பாதி வேலைகள் எல்லாம் முடிந்து கைக்குக் காசு வந்த பிறகு அப்டேட் செய்யுங்கள்.